குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பராமரிப்பு

குறைமாதக் குழந்தை என்பது, தாயின் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு, 37 வாரங்கள் நிறைவதற்குள் உயிருடன் பிறக்கும் குழந்தை ஆகும். பிறந்தவுடன் எடுக்கப்படும் எடை 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அது குறை எடைக் குழந்தை எனப்படுகிறது. இரண்டையும் ஒன்றாகவே பலர் கருதுகின்றனர். ஆனால் மாதம் நிறைந்து பிறந்தும், கருப்பையில் போதிய ஊட்டம் கிடைக்காததால் 2 கிலோ மட்டுமே இருக்கும் குழந்தைகள் உண்டு. 36 வாரத்திலேயே பிறந்து 2,600 கிராம் இருக்கும் குழந்தைகளும் உண்டு. முதல் வகைக் குழந்தை மெலிந்தது என்றாலும் அதன் நுரையீரலும் குடலும் பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். இரண்டாவது வகை பார்க்கப் பருமனாகத் தெரிந்தாலும் மூச்சுக்கும் பால் குடிக்கவும் திணறக்கூடும். ஆகவே மருத்துவர்கள் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. வாரக்கணக்கையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

எடை 1,500 கிராமுக்குக் குறைந்தால் மிகக் குறை எடை, 1,000 கிராமுக்குக் குறைந்தால் அதிலும் கடுமையான குறை எடை என்று வகைப்படுத்துவர். வாரக்கணக்கில் 28 வாரத்துக்கு முன் பிறந்தவை மிகுந்த ஆபத்தில் இருப்பவை. குறைமாதக் குழந்தைகளில் பெரும்பான்மையானவை 32 வாரம் தாண்டிப் பிறப்பவை. இவற்றில் பலவற்றுக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுவதில்லை, சூடும் பாலும் கவனிப்பும் போதும்.

2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள், அதாவது பிறந்தவற்றுள் பத்தில் ஒன்று, குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டு அமைப்புகளும் மதிப்பிட்டுள்ளன. அவற்றுள் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு இன்று உலகில் முதன்மையான காரணம் குறைமாதப் பிறப்பால் வரும் சிக்கல்களே.

இக்குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு. மின்திரைகளும் குழாய்களும் நிறைந்த அந்த அறையில் நடக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், கருப்பை அதுவரை செய்துவந்ததை வெளியிலிருந்து செய்வதுதான்: சூடு தருவது, மூச்சுக்கு உதவுவது, உணவு ஊட்டுவது, கிருமி அண்டாமல் காப்பது. இவற்றில் ஒவ்வொன்றும் குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு. அந்த அளவைக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆனது. தாயை அந்த அறைக்கு வெளியே நிறுத்தியது தவறு என்று உணர அதைவிட அதிகக் காலம் ஆனது.

ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும்

ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தால் பிழைக்காது என்ற பேச்சு தமிழகக் குடும்பங்களில் இன்றும் கேட்கிறது. இது தமிழர்களுக்கு மட்டும் உரிய நம்பிக்கை அன்று. பண்டைய கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் எட்டு மாதக் கருவைப் பற்றியே தனி நூல் ஒன்று உள்ளது. உண்மை இதற்கு நேர்மாறானது. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் பிழைப்பு வாய்ப்பைக் கூட்டுகிறது. 34 வாரக் குழந்தை 30 வாரக் குழந்தையைவிட எல்லா வகையிலும் பாதுகாப்பானது. இந்தப் பழைய நம்பிக்கை தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி வீட்டாரே நம்பிக்கை இழந்தால், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதும் பால் புகட்டுவதும் தாமதப்படும்.

பிறப்பதற்கு முன்பே தொடங்கும் சிகிச்சை

குறைமாதக் குழந்தைக்கான மிகச் சிறந்த மருந்துகளில் ஒன்று, குழந்தை பிறப்பதற்கு முன் தாய்க்குப் போடப்படும் ஊசி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரகாம் லிகின்ஸ் செம்மறி ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துவந்தார். ஸ்டீராய்டு தரப்பட்ட கருவில் இருந்து மிக முன்னதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி, பிழைக்கக் கூடாத வயதில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். அதன் நுரையீரல் எதிர்பாராத அளவுக்கு விரிந்திருந்தது. அவரும் ராஸ் ஹோவியும் மனிதரில் நடத்திய ஆய்வு 1972இல் வெளியானது. குறைப்பிரசவ வலி தொடங்கிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது, மூச்சுத்திணறலும் இறப்பும் குறைகின்றன என்று அது காட்டியது. இவ்வளவு தெளிவான முடிவு வந்தும், உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சையாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் பெரும்பாலும் டெக்சாமெதசோன் பயன்படுகிறது. 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள். விலை மிகக் குறைவு. ஆனால் ஊசி போட்டபின் குழந்தை சில மணி நேரமாவது உள்ளே இருந்தால்தான் பயன். ஆகவே வலி கண்டவுடன் தாய் மருத்துவமனைக்கு வருவது முக்கியம். பச்சிளங்குழந்தைப் பிரிவு இல்லாத ஊரில் இருந்தால், குழந்தை பிறந்தபின் ஆம்புலன்சில் அனுப்புவதைவிட, தாயின் வயிற்றில் இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது மேல். கருப்பையைவிட நல்ல பயண ஊர்தி இல்லை. தமிழ்நாட்டில் 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்சுகள் இருந்தாலும் இந்த விதி மாறுவதில்லை.

வெப்பம்

குறைமாதக் குழந்தை பிறந்த சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடுகிறது. எடையுடன் ஒப்பிட்டால் அதன் உடலின் மேற்பரப்பு மிக அதிகம், தோல் மெல்லியது, தோலுக்கடியில் கொழுப்பு இல்லை, உடலுக்குள் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும் கருவின் கடைசி மாதங்களில்தான் சேர்கிறது. குளிர்ந்த குழந்தை சூட்டைத் தக்கவைக்கவே ஆக்சிஜனையும் சர்க்கரையையும் செலவழிக்கிறது. பின்னர் இரத்தச் சர்க்கரை இறங்குகிறது, மூச்சு தடுமாறுகிறது.

உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். இதற்காகப் பிரசவ அறையின் ஏ.சி.யை அணைத்து 25 டிகிரிக்குக் குறையாமல் வைக்கின்றனர். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையை ஈரத்தோடே கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, தலைக்குத் தொப்பி அணிவித்து, மேலிருந்து சூடு தரும் வார்மரின் கீழ் கிடத்துகின்றனர். பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கம் குறைமாதக் குழந்தைக்கு ஆகாது. வெப்பமானி கையில் இல்லாதபோது செவிலியர் ஓர் எளிய சோதனை செய்வதுண்டு: புறங்கையால் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்ப்பது. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் கால் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டும் குளிர்ந்திருந்தால் அவசரநிலை.

இன்குபேட்டர் எனப்படும் கண்ணாடிப் பெட்டியின் மூலம் கோழிப்பண்ணை. பாரிசில் ஸ்தெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர், விலங்குக் காட்சிச்சாலையில் கோழி முட்டைகளை அடைகாக்கும் கருவியைக் கண்டு, 1880 வாக்கில் அதேபோன்ற பெட்டியைக் குழந்தைகளுக்காகச் செய்வித்தார். 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாக இறங்கியது. அமெரிக்காவில் இப்பெட்டிகள் மருத்துவமனைகளுக்குள் நுழையுமுன் பொழுதுபோக்குப் பூங்காவில் இடம்பிடித்தன. மார்ட்டின் கூனி என்பவர் நியூயார்க்கின் கோனித் தீவில் 1903 முதல் 1943 வரை உயிருள்ள குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துக் காட்சி நடத்தினார். பார்வையாளர்கள் 25 சென்ட் கட்டணம் செலுத்தினர். அந்தப் பணத்தில் குழந்தைகள் பராமரிக்கப்பட்டன, பெற்றோரிடம் எதுவும் வாங்கப்படவில்லை. இன்று அருவருப்பாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டால் பிழைத்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

மூச்சு

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள், ஈரமான பாலித்தீன் பையின் இரு பக்கங்கள் ஒட்டிக்கொள்வதுபோல, ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அவ்வாறு ஒட்டாமல் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் வழவழப்பான பொருள். கருவின் நுரையீரலில் இது 24 வாரம் அளவில் சிறிதாகத் தோன்றி, 34 அல்லது 35 வாரத்தில்தான் போதிய அளவை எட்டுகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றறைகளைப் புதிதாகத் திறக்க வேண்டியிருப்பதால் விரைவில் களைத்துவிடுகிறது. விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுக்கப்படுவதும் முனகல் ஒலியும் இதன் அறிகுறிகள்.

இந்நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவுதான் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் காட்டினர். நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2.1 கிலோ எடையுடன் பிறந்து 39 மணி நேரத்தில் இதே நோயால் இறந்தான். உலகின் மிகுந்த வசதி படைத்த குடும்பத்துக்கும் அன்று மருத்துவம் தர ஒன்றுமில்லை. அந்த எடையும் வாரமும் கொண்ட குழந்தை இன்று ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பிழைத்துவிடுவது வழக்கம். 1980இல் ஜப்பானில் தெட்சுரோ புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நல்ல பலன் கண்டார். அதன்பின் இது வழக்கமான சிகிச்சையானது.

வென்டிலேட்டர் கண்டிப்பாக வேண்டும் என்று பெற்றோர் பலர் நினைக்கின்றனர். உண்மையில் தொண்டைக்குள் குழாய் இறக்காமல் சமாளிக்க முடிந்தால் அதுவே நல்லது; இயந்திரத்தின் அழுத்தம் மென்மையான நுரையீரலைக் காயப்படுத்தும். மூக்கில் பொருத்திய சிறு குழாய்கள் வழியே இடைவிடாமல் மிதமான காற்றழுத்தம் தரும் சிபாப் முறை பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். இம்முறையில் காற்றறைகள் முழுவதும் மூடிக்கொள்ளாமல் தடுக்கப்படுகின்றன. குழாயின் மறுமுனையை நீரில் அமிழ்த்தி, ஆழத்தைக் கொண்டே அழுத்தத்தை அளக்கும் குமிழி வகை சிபாப் விலை குறைந்தது; இந்திய மருத்துவமனைகளில் பரவலாக உள்ளது.

மூளையின் மூச்சு மையமும் முதிராததால், குறைமாதக் குழந்தை சில வேளைகளில் மூச்சுவிடவே மறந்துவிடுகிறது. 20 விநாடிகளுக்கு மேல் மூச்சு நின்றால் அலாரம் ஒலிக்கிறது. செவிலியர் உள்ளங்காலைச் சுண்டினால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். இதற்குத் தரப்படும் மருந்து கஃபீன். காப்பியில் இருக்கும் அதே பொருள்.

ஆக்சிஜனும் கண்ணும்

ஆக்சிஜன் உயிர்காக்கும் மருந்து. அளவு மீறினால் குருடாக்கும் மருந்தும் அதுவே. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வாரத்தில் நடுவிலிருந்து வளரத் தொடங்கி, ஏறத்தாழ 40ஆம் வாரத்தில்தான் ஓரத்தை எட்டுகின்றன. குழந்தை முன்னதாகப் பிறந்து அதிக ஆக்சிஜன் பெற்றால் இந்த வளர்ச்சி நின்றுபோகிறது. சில வாரங்கள் கழித்து, பட்டினி கிடந்த விழித்திரை தாறுமாறாகப் புதிய குழாய்களை வளர்க்கிறது. அவை சுருங்கும்போது விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடுகின்றன.

1942இல் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி என்ற கண் மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். அப்போது பணக்கார நாடுகளின் புதிய இன்குபேட்டர்களில் ஆக்சிஜன் தாராளமாகப் பாய்ச்சப்பட்டு வந்தது. நல்ல மருத்துவமனைகளில்தான் குழந்தைகள் பார்வை இழந்தனர். 1951இல் மெல்போர்னின் கேட் கேம்பல், ஆக்சிஜன் அதிகம் தரப்பட்ட இடத்தில் பார்வையிழப்பும் அதிகம் என்று சுட்டினார். அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஆய்வு 1954இல் அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்துவிட்டனர். 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர்.

கதை இத்துடன் முடியவில்லை. பயந்த மருத்துவர்கள் ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தனர். பார்வையிழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுத்திணறலால் இறந்த குழந்தைகளும் மூளை பாதிப்புற்ற குழந்தைகளும் பெருகினர். ஒரு கேட்டிலிருந்து தப்ப ஓடி இன்னொரு கேட்டில் விழுந்த இந்த நிகழ்வு, பச்சிளங்குழந்தை மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. தோலைத் துளைக்காமல் இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை ஜப்பானியர் டக்குவோ அவோயாகி 1974இல் கண்டறிந்த பின்னரே அளந்து தருவது எளிதாயிற்று. ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு இன்று பொதுவாக 90 முதல் 95 விழுக்காடு செறிவு இலக்காக வைக்கப்படுகிறது. 85 முதல் 89 வரை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் கண் நோய் குறைந்தது, இறப்பு கூடியது. திரையில் 100 என்று காட்டினால் உறவினர் மகிழ்வர். செவிலியர் ஆக்சிஜனைக் குறைப்பார். இரண்டில் செவிலியர் செய்வதே சரி.

இந்தியாவில் இந்நோய் இன்று பெரிய கவலை. சிறிய மருத்துவமனைகளிலும் குறைமாதக் குழந்தைகள் பிழைக்கின்றனர். ஆனால் காற்றுடன் ஆக்சிஜனைக் கலந்து தரும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே மேலைநாடுகளில் இந்நோய் வராத சற்றே பெரிய குழந்தைகளுக்கும் இங்கு வருகிறது. அமெரிக்காவில் 30 வாரம் அல்லது 1,500 கிராம் வரை உள்ள குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை வலியுறுத்தப்படும்போது, இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அது தேவை. பிறந்த 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே. உரிய காலத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலோ கண்ணுக்குள் போடும் ஊசியாலோ பார்வையைக் காக்கலாம். சில வாரங்கள் தவறினால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. கண் வெளியே பார்க்க இயல்பாகவே இருப்பதால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இதன் சட்டப் பக்கமும் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. 1996இல் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையுடன் பிறந்த பெண் குழந்தை ஒன்று, கண் பரிசோதனை குறித்த அறிவுரை இல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. நோய் தெரியவந்தபோது பார்வை போய்விட்டிருந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், செய்த செலவுக்கும் இனி ஆகும் செலவுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

பால்

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் 34 வாரம் அளவில்தான் வருகிறது. அதற்கு முன் குழந்தையை மார்பில் விட்டால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். எனவே மிகச் சிறிய குழந்தைகளுக்கு வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் பால் தரப்படுகிறது. ஒரு கிலோ குழந்தைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லி லிட்டர்தான். போதாததற்குக் குளுக்கோசும் புரதமும் நரம்பு வழியே ஏற்றப்படும்.

32 வாரத்தைத் தாண்டிய குழந்தைகளுக்குப் பாலாடை கைகொடுக்கிறது. தமிழ் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைக்குப் பால் புகட்டப் பயன்பட்ட, மூக்கு நீண்ட இந்தச் சிறு கிண்ணம், இன்று அதே தமிழ்ப் பெயருடன் இந்தியப் பச்சிளங்குழந்தை மருத்துவப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. புட்டியைவிட இதைக் கழுவிக் கொதிக்கவைப்பது எளிது.

எந்தப் பால் என்பதில் இன்று ஐயமில்லை. தாய்ப்பால் பெறும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் கொடிய நோய் வருவது வெகுவாகக் குறைவு. புட்டிப்பால் மட்டுமே பெற்றவர்களுக்கு அது பல மடங்கு அதிகம் என்று 1990இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது. பெற்ற சில மணி நேரத்துக்குள் தாய் பால் பீய்ச்சத் தொடங்கி, நாளுக்கு எட்டு முதல் பத்து முறை பீய்ச்சினால்தான் சுரப்பு நிலைக்கும். முதலில் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலை ‘இது போதாது’ என்று கொட்டிவிடக் கூடாது. அந்தச் சில சொட்டுகள்தான் குழந்தைக்கு அப்போது தேவைப்படும் அளவு.

தாய்ப்பால் இல்லாதபோது அடுத்த தேர்வு, வேறொரு தாய் தானமாகத் தந்த, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கிய பால். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டசால் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இன்று இத்தகைய வங்கிகள் உள்ளன. சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை தொட்டு வைத்தல், உரை மருந்து ஆகியவை நிறைமாதக் குழந்தைக்கே வேண்டாதவை. குறைமாதக் குழந்தைக்கு அவை கிருமிக்கு வாசல் திறப்பதாகும்.

கிருமி, ஒலி, வலி

தாயிடமிருந்து கருவுக்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் பெருமளவில் கடப்பது கடைசி மூன்று மாதங்களில். அதற்கு முன் பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மிகப் பெரிய ஆபத்து அதைத் தொடும் கைகள். நுழையும்போது மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி முழங்கைவரை சோப்பால் கழுவுவதும், ஒவ்வொரு குழந்தையைத் தொடுமுன்னும் பின்னும் கைகளைத் தூய்மை செய்வதும் எந்த ஆன்டிபயாட்டிக்கையும்விடப் பயனுள்ளவை.

அலாரங்களும் உரத்த பேச்சும் குழந்தையின் இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் அலைக்கழிக்கின்றன. எனவே ஒலியை 45 டெசிபலுக்குள் வைக்கவும், பெட்டியின் மேல் துணி போர்த்தி ஒளியைக் குறைக்கவும், துணிச்சுருளால் கூடுபோல் அமைத்துக் குழந்தையைக் கருவில் இருந்ததுபோல் மடக்கிக் கிடத்தவும் பரிந்துரைக்கின்றனர்.

வலி பற்றிய வரலாறு வெட்கத்துக்குரியது. பச்சிளங்குழந்தைகளின் நரம்புகள் முதிராதவை, வலி தெரியாது என்று நம்பி, 1980கள் வரைகூட மிகக் குறைந்த மயக்க மருந்துடன் அறுவை செய்த மருத்துவமனைகள் இருந்தன. இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த கே. ஜே. எஸ். ஆனந்த், 1987இல் வெளியிட்ட ஆய்வில், தக்க வலி மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் பின் மேலாக இருந்ததைக் காட்டினார். இன்று குதிகாலில் ஊசி குத்தும்போதுகூட வாயில் சில சொட்டுத் தாய்ப்பால் விடுவது நல்ல வழக்கம்.

மஞ்சள் காமாலைக்குத் தரப்படும் நீல ஒளிச் சிகிச்சையும் செவிலியர் ஒருவரின் கூர்மையான பார்வையால் வந்தது. இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் 1956இல் ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுசெல்வார். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் வெளிறியும் இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார்.

தாயின் மார்பு

தார்னியேயின் மாணவர் பியேர் புதான், குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவைத்தால் தாய் அதன்மேல் பற்று இழந்து கைவிடுவதுண்டு என்று 1900 வாக்கிலேயே எச்சரித்தார். அதை மருத்துவமனைகள் பொருட்படுத்தவில்லை. கிருமிக்கு அஞ்சித் தாயைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்துவதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வழக்கமாக இருந்தது. பல இடங்களில் இன்றும் தாய், குறிப்பிட்ட நேரத்தில் வந்து பார்த்துப்போகும் விருந்தாளிதான்.

மாற்றம் வசதியான மருத்துவமனையில் தோன்றவில்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஏழைகளுக்கான மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தும் நிலை இருந்தது. ஒன்றிடமிருந்து மற்றதற்குக் கிருமி பரவி இறந்தன. 1978இல் எட்கர் ரே சனாப்ரியாவும், தொடர்ந்து எக்டர் மார்ட்டினெசும், குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினர். பைக்குள் குட்டியைச் சுமக்கும் விலங்கின் பெயரால் இது கங்காரு தாய்ப் பராமரிப்பு எனப்படுகிறது.

குழந்தைக்கு அரைத்துணியும் தொப்பியும் காலுறையும் மட்டும். தவளைபோல் கைகால் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு அடைபடாமல், தாயின் மார்பகங்களுக்கிடையே அது இருக்கும். மேலே துணியால் இறுகக் கட்டி, ரவிக்கையையோ சட்டையையோ பூட்டிக்கொள்ளலாம். தாயின் தோல் குழந்தையின் சூட்டைக் காக்கிறது, அவளுடைய மூச்சின் அசைவு குழந்தையின் மூச்சைத் தூண்டுகிறது, பால் சுரப்பு கூடுகிறது, மருத்துவமனைக் கிருமிகளுக்குப் பதில் தாயின் தோலிலுள்ள தீங்கற்ற கிருமிகள் குழந்தையிடம் குடியேறுகின்றன.

நீண்ட காலம் இது ஏழை நாடுகளின் மாற்று ஏற்பாடு என்றே கருதப்பட்டது. அதிலும் குழந்தையின் நிலை சீரான பின்பே தொடங்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் இறப்புகளில் பெரும்பாலானவை நிலை சீராவதற்கு முன்பே நேர்கின்றன. எனவே உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரையிலான சுமார் 3,200 குழந்தைகளைக் கொண்டு ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்குப் பிறந்தவுடன் கங்காரு முறை. மற்றவர்களுக்கு வழக்கம்போல் வார்மர், சீரானபின் கங்காரு முறை. முதல் 28 நாட்களில் இறப்பு முன்னதில் 12.0 விழுக்காடு, பின்னதில் 15.7 விழுக்காடு. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைத் தொடர்வது அறமன்று என்று இடையிலேயே நிறுத்தினர். முடிவுகள் 2021இல் வெளியாயின. 2022இல் அந்நிறுவனம், பிறந்தவுடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கங்காரு முறையைப் பின்பற்றப் பரிந்துரைத்தது. தானாக மூச்சுவிட முடியாத, அதிர்ச்சி நிலையிலுள்ள குழந்தைகள் மட்டும் விலக்கு. சிபாப் குழாயுடன் இருக்கும் குழந்தையையும் தாயின் மார்பில் வைக்கலாம்.

இதைச் செய்ய வேண்டுமானால் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்க்கும் கட்டில் வேண்டும், அவளுக்கான மகப்பேற்றுப் பின் சிகிச்சை அங்கேயே நடக்க வேண்டும். ஆய்வில் பங்கேற்ற புதுதில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் அவ்வாறு தாய்-சேய் பிரிவுகள் அமைக்கப்பட்டன. பொதுவாகத் தடையாக இருப்பது பணத்தைவிடக் கட்டட அமைப்பும் பழக்கமும்தான். அறுவைப் பிரசவமான தாய் ஒரு மாடியில், குழந்தை வேறொரு மாடியில் என்றால் முதல் மூன்று நாட்கள் வீணாகும். அந்நாட்களில் தந்தையோ பாட்டியோ அத்தையோ குழந்தையை மார்பில் ஏந்தலாம். தீட்டு என்று விலகி நிற்பதும், ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்ற கூச்சமும் குழந்தையின் சூட்டைக் காப்பதில்லை.

வீடு திரும்பிய பின்

முதல் வாரத்தில் எடை 10 முதல் 15 விழுக்காடு வரை குறைவது இயல்பு. பின்னர் நாள்தோறும் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வீதம் ஏற வேண்டும். எடை தொடர்ந்து ஏறி, சூடு நிலையாக இருந்து, மூச்சு நிற்காமல், பாலாடையிலோ மார்பிலோ முழுப் பாலையும் குடிக்கத் தொடங்கியதும் குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. கண், செவி ஆகிய இரு பரிசோதனைகளும் முடிந்தனவா, அடுத்தது எந்தத் தேதியில் என்பதை அனுப்பும் சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கங்காரு முறையை, குழந்தை தானே நெளிந்து வெளிவர முயலும்வரை வீட்டிலும் தொடரலாம்.

குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை இரண்டு வயதுவரை திருத்திய வயதைக் கொண்டே மதிப்பிடுவர். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்குப் பிறந்து ஆறு மாதம் ஆகும்போது திருத்திய வயது நான்கு மாதம். கழுத்து நிற்பதையும் குப்புற விழுவதையும் அந்த நான்கு மாத அளவுகோலால் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு அஞ்சத் தேவையில்லை. திருத்திய வயதுக்கும் பின்தங்கினால் தாமதிக்காமல் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தடுப்பூசிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவை பிறந்த தேதியிலிருந்து எண்ணி, மற்ற குழந்தைகளுக்குப் போலவே போடப்படுகின்றன.